சம்பளச் சீட்டில் ஐம்பது ரூபாய்: வேலை இடத்துக் கொடையும் தொண்டும்

போன மாதம் ஒரு பெண் தன் முதல் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும்.

"சார், பி.எஃப். தெரியுது, இ.எஸ்.ஐ. தெரியுது. கடைசியில 'சமூக நலம் 50'ன்னு ஒண்ணு போட்டிருக்கே, அது என்ன சார்?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதாம்மா. சேர்ந்த அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க."

"அன்னைக்கு ஒரு கட்டுத் தாள்ல கையெழுத்து வாங்குனாங்க சார். எதுல என்ன இருந்துச்சுன்னு யாரு பார்த்தா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் போட்டேன். டீ நேரத்தில் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், 'இந்தச் சனிக்கிழமை தொண்டு நாள், வருகிறீர்களா?' என்று எச்.ஆரிலிருந்து செய்தி வந்து முழித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவலாம்.

பிடியரிசியும் மகமையும்

இந்தப் பிடித்தம் வெளிநாட்டுக் கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பெயர்தான் புதிது. மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலாவை ஊர்க்காரர்கள் எப்படி நடத்தினார்கள் தெரியுமா? உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். வீடு வீடாக அதைத் திரட்டிப் பள்ளிக்கூடத்துக்குச் செலவழித்தார்கள். காமராசர் படித்த பள்ளிக்கூடம் அது. கடைக்காரர்கள் பக்கம் மகமை இருந்தது. மூட்டைக்கு இத்தனை காசு பொதுவுக்கு என்று வியாபாரம் நடக்கும்போதே ஒதுக்கிவிடுவது. தென்மாவட்ட வணிகர் ஊர்களில் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் என்று பலதும் அந்தக் காசில் எழுந்தவை.

இதில் கவனிக்க வேண்டியது, அரிசி எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பது. உலையில் போடுவதற்கு முன்னால். சோறாகி இலையில் விழுந்த பிறகு 'ஒரு பிடி எடுத்துக் கொடு' என்றால் நம் கை தயங்கும். சம்பளப் பிடித்தமும் இதே சூட்சுமம்தான், பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஒரு பிடி தனியாகப் போய்விடுகிறது. இன்னொன்று, பிடியரிசி எங்கே போகிறது என்று போட்ட வீட்டுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது, அதில் அவர்கள் பிள்ளையே படித்தது. நம் அலுவலகத் திட்டங்கள் முதல் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. பாதிப் பேர் சேராமல் இருப்பதற்கும், சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சேர்ந்ததே தெரியாமல் இருப்பதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதை மொய்யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. மொய், செய்முறை எல்லாம் இன்றைக்குக் கொடுத்து நம் வீட்டு விசேஷத்தில் திரும்ப வாங்குவது, கிட்டத்தட்ட வட்டியில்லாக் கடன். கொடை திரும்பி வராது. ஆனாலும் மொய் நோட்டில் உள்ள ஒழுங்கு, அதாவது பெயர், ஊர், தொகை என்று வரிசையாக எழுதி அன்றைக்கே கூட்டிச் சொல்லிவிடுவது, பல கொடைத் திட்டங்களில் இல்லை. அது வந்தால் தேவலை.

பிடித்தம் எப்படி நடக்கிறது

சரி, நடைமுறைக்கு வருவோம். மாதம் இத்தனை ரூபாய், இந்த மாதத்திலிருந்து, இந்தக் காரியத்துக்கு என்று ஊழியர் எழுதிக் கொடுக்கிறார். கணக்குப் பிரிவு அதைச் சம்பளத்தில் பிடித்து, மொத்தமாகச் சேர்த்து, அறக்கட்டளைக்கோ அரசின் நிதிக்கோ அனுப்புகிறது. அவ்வளவுதான். எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது, ஊழியர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். இந்த இரண்டும் இல்லையென்றால் அதற்குக் கொடை என்று பெயர் கிடையாது.

பிரிட்டனில் 1987இலிருந்து இதற்கென்றே சட்டப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே வரி கணக்கிடுவதற்கு முன்பே கொடைத் தொகை கழிந்துவிடும். இங்கே அப்படி இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். நம் ஊரில் பெரிய ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் இது உண்டு. மதுரையில் கிளை வைத்திருக்கும் எச்.சி.எல். நிறுவனத்தின் ஊழியர் கொடைத் திட்டம் நாளுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் நடப்பது. ஒரு ரூபாய் என்றால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது, ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தால் தொகை பெரிது. பிடியரிசிக் கணக்கேதான்.

மாதப் பிடித்தம் இல்லாத இடத்திலும் 'ஒரு நாள் சம்பளம்' எல்லோருக்கும் தெரியும். 2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் என்று ஒவ்வொரு முறையும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு ஒரு நாள் சம்பளம் போனது. கேட்பதற்கு நியாயமான அளவு, ஆளுக்கு ஏற்ற பங்கு. ஆனால் பங்கு ஒன்றாக இருந்தாலும் பாரம் ஒன்றல்ல. மேலாளருக்கு ஒரு நாள் மூவாயிரம் போனால் அந்த மாதம் ஒரு ஹோட்டல் சாப்பாடு குறையும். லேத்தில் நிற்பவருக்கு ஐந்நூறு போனால் கேஸ் சிலிண்டர் தள்ளிப்போகும். எங்கள் கம்பெனியைப் போல எல்லோருக்கும் ஒரே ஐம்பது என்று வைப்பது அதைவிட மோசம், குறைந்த சம்பளக்காரர் தன் சம்பளத்தில் அதிகப் பங்கு கொடுக்கிறார். தொகையை ஊழியரே எழுதும்படி வெற்றிடம் விட்டால் போதும். இவ்வளவு சின்ன விஷயத்தை எத்தனை படிவங்களில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணினால் ஒரு கை விரல் மிச்சமாகும்.

அப்புறம் மேட்சிங். நீங்கள் 100 ரூபாய் கொடுத்தால் கம்பெனியும் தன் பங்குக்கு 100 போடும். 1954இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி, தன் ஊழியர்கள் தாங்கள் படித்த கல்லூரிகளுக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடாகத் தானும் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த முறை பரவியது. எங்கள் கம்பெனியில் 200 பேர். அறுபது பேர் மாதம் ஐம்பது கொடுத்தால் வருடத்துக்கு 36,000. கம்பெனி ஈடு போட்டால் 72,000. ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறையைச் சரிசெய்து, தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிடலாம். ஆகவே சேரும் முன் எச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'கம்பெனி எவ்வளவு போடுது?' கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இது சி.எஸ்.ஆர். இல்லை

சி.எஸ்.ஆர். என்பது பெரிய கம்பெனிகள் சட்டப்படி செய்ய வேண்டிய சமூகச் செலவு. அதையும் ஊழியர் கொடையையும் குழப்பிக்கொள்வது எங்கும் உண்டு. 'அதான் கம்பெனி ரெண்டு சதவீதம் குடுக்குதே, நம்ம எதுக்குண்ணே குடுக்கணும்?' என்று கேட்பார்கள். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135வது பிரிவு சொல்வது இது: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அது கம்பெனியின் பணம், கம்பெனியின் கடமை. கப்பலூரிலும் கே.புதூரிலும் உள்ள சிறு பட்டறைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வராதவை.

ஊழியர் கொடுக்கும் ஐம்பது ரூபாய் ஊழியருடையது. அதைக் காட்டிக் கம்பெனி தன் 2 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. நேரமும் அப்படித்தான். 'எங்கள் ஆட்கள் ஐந்நூறு மணி நேரம் தொண்டு செய்தார்கள், அதன் மதிப்பு இத்தனை லட்சம்' என்று சி.எஸ்.ஆர். செலவில் எழுதக் கூடாது. ஊழியர்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது, ஆனால் அவர்கள் இலவசமாகச் செய்த சேவையைப் பணமாக்கிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2016இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. மேட்சிங்காகக் கம்பெனி போடும் பங்கு வேறு. அது கம்பெனியின் சொந்தப் பணம் என்பதால், சட்டம் சொல்லும் காரியத்துக்கும் தகுதியுள்ள அமைப்புக்கும் போனால் சி.எஸ்.ஆரில் வரலாம்.

வரி விஷயம்

கொடை கொடுத்தால் வரி குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதி உண்மை. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் கொடைச் சலுகை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். 2023-24 முதல் புதிய முறைதான் தானாக வந்து நிற்கும். அதில் இருப்பவர்களுக்கு அறக்கட்டளைக்குக் கொடுத்த கொடையால் வரியில் ஒரு பைசாவும் குறையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் புதிய முறையில்தான் இருப்பார்கள், அவர்களுக்கு வருமான வரியே வராத அளவு சம்பளமாகவும் இருக்கும். ஆகவே வரிச்சலுகையைக் காட்டி ஆள் சேர்ப்பது கொஞ்சம் ஏமாற்று வேலை.

பழைய முறையில் இருப்பவருக்கு ஒரு கணக்கு. வருடம் 6,000 ரூபாய், 50 சதவீதச் சலுகை உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் 3,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரிப் படியில் இருந்தால் செஸ் என்ற மேல்வரியோடு சேர்த்து 624 ரூபாய் மிச்சம். முதலமைச்சர், பிரதமர் நிவாரண நிதிகளுக்கு 100 சதவீதம் கழியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. அரிசி, துணி, பழைய கம்ப்யூட்டர் கொடுத்தாலும் இல்லை. அறக்கட்டளை வருமான வரித் துறையிடம் நன்கொடையாளர் விவரத்தைத் தாக்கல் செய்து அதற்கான சான்றிதழைக் கொடுக்க வேண்டும், வெறும் ரசீது புத்தகத்துத் தாள் போதாது. நிவாரண நிதிகளைத் தவிர மற்றவற்றுக்குக் கொடுத்ததைப் பொதுவாகக் கம்பெனி சம்பளத்தில் வரி பிடிக்கும்போது கழிக்காது, நாமே ரிட்டர்னில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் எங்கள் இடத்திலேயே நடந்த கோளாறு ஒன்று. முதல் இரண்டு வருடம் எல்லோரிடமும் பிடித்ததை ஒரே காசோலையாகக் கம்பெனி பெயரில் அனுப்பிவிட்டோம். ரசீதும் கம்பெனி பெயரில் வந்தது. கொடுத்தவர்கள் யாருக்கும் ஆதாரம் இல்லை. டூல் ரூமில் இருந்த ஒரு அண்ணன் வந்து கேட்டார், "என் காசுக்கு யாரு பேரு தம்பி?" பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பெயர், பான் எண், தொகை என்று பட்டியலையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினோம். வரி மிச்சம் ஆகாதவர்களுக்கும் தனிச் சான்றிதழ் வரும்போது ஒரு முகமலர்ச்சி இருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

விருப்பமா, கட்டாயமா

2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது, தவணையாகக் கொடுக்கலாம். கொடுக்க விருப்பம் இல்லாதவர்கள் 'எனக்குச் சம்மதம் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையில் ஒரு வரி. வழக்கு போனது. அந்த வரியை மட்டும் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. கொடை கேட்டதில் சிக்கல் இல்லை. மறுப்பவர் தன் பெயரை எழுதிக் காட்ட வேண்டும் என்றதில்தான் சிக்கல்.

இதைப் படித்துவிட்டு எங்கள் படிவத்தைப் பார்த்தால், நாங்களும் அதையேதான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தோம். சேரும் நாளில் ஒரு கட்டுத் தாளோடு கையெழுத்து, அப்புறம் நிறுத்த வேண்டும் என்றால் மனு, மனுவில் பிரிவுத் தலைவர் கையெழுத்து. சூப்பர்வைசரிடம் போய் 'அந்த ஐம்பது ரூபாயை நிறுத்துங்க' என்று கேட்க யாருக்கு மனம் வரும்? சேர்ந்தவர் எண்ணிக்கை தொண்ணூற்றைந்து சதவீதம் என்று வருடாந்தரக் கூட்டத்தில் கைதட்டு வாங்கினோம். அந்த எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. நாற்பது சதவீதம் பேர், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து சேர்ந்தால் அது நல்ல திட்டம். எச்.ஆர். ஆட்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்களுடைய மேலதிகாரி கேட்பது சதவீதத்தைத்தான்.

நேரம் கொடுப்பது

பணத்தை விட்டுவிட்டுத் தொண்டுக்கு வருவோம். இங்கே கம்பெனி கொடுக்க வேண்டியது நேரம், அதுவும் சம்பளத்தோடு. வருடத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ 'தொண்டு விடுப்பு' என்று வைக்கும் கம்பெனிகள் உண்டு. அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றால் அது ஊழியரின் ஓய்வைக் கொடை வாங்குவது. ஷிப்ட் ஆட்களுக்கு இன்னும் கஷ்டம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவரைக் காலை எட்டு மணிக்குக் கண்மாய்க் கரைக்கு வரச் சொல்ல முடியுமா? அதனால்தான் எந்தக் கம்பெனியின் தொண்டுப் படத்தைப் பார்த்தாலும் ஆபீஸ் ஆட்களே நிற்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் படத்தில் இருக்கவே மாட்டார், அவருக்கு அன்றைக்கு வராவிட்டால் கூலி இல்லை.

எங்கள் முதல் தொண்டு மரம் நடுவது. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பேனர், தொப்பி, மோர், போட்டோ எல்லாம் அமர்க்களம். திருமங்கலம் சாலையோரம் நூறு கன்று நட்டோம். மதுரைக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில். ஜூனில் அனல் காற்றுதான் வீசும். தண்ணீர் ஊற்ற யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. ஆடி பிறந்தபோது கூண்டு மட்டும் நின்றது. எங்கள் தோட்டக்காரர் ஐயா அன்றைக்கே சொன்னார், "இப்ப நட்டா தண்ணி யாரு ஊத்துவா? ரெண்டு மழை பேயட்டும்." அவரை யாரும் கேட்கவில்லை, போட்டோ எடுக்கும்போது ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தொண்டில் சேரும் எல்லோரும் கற்க வேண்டிய பாடம் அவரிடம் இருந்தது. அடுத்த முறை அக்டோபரில் நட்டோம். 2009இல் தொடங்கிய கொடை வாரத்தை இப்போது அக்டோபர் 2 முதல் 8 வரை 'தான் உத்சவ்' என்ற பெயரில் நாடு முழுக்கக் கொண்டாடுகிறார்கள், அதுவும் இதுவும் பொருந்தி வந்தது. இருபது கன்றுதான். பக்கத்து டீக்கடைக்காரருக்கு மாதம் ஒரு தொகை பேசித் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். பதினாறு மரமாகிவிட்டன.

கண்மாய் தூர்வாருவதும் இப்படித்தான் ஆசைப்பட்டு இறங்கிச் சிக்கிக்கொள்ளும் இடம். கண்மாய் யாருடையது? நீர்வளத் துறையா, ஊராட்சி ஒன்றியமா? அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண் அள்ளக் கூடாது. சீமைக் கருவேலத்தைக் கைக்கத்தியால் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்க இயந்திரம் வேண்டும். நாற்பது பேர் போய் ஒரு நாளில் செய்ய முடிவது கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவதுதான். அது தப்பில்லை, ஆனால் கண்மாயை மீட்டோம் என்று எழுதாமல் இருக்கலாம். ஏரி, கண்மாய் வேலையையே பல ஆண்டுகளாகச் செய்துவரும் தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்புகள் மதுரையிலேயே இருக்கின்றன, அவர்களிடம் போய் 'எங்களால் என்ன ஆகும்?' என்று கேட்பது நல்லது.

உண்மையில் பயன்படுவது எது என்று கேட்டால், எது நமக்குத் தெரியுமோ அது. அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களைப் பார்த்திருப்பீர்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. முகாம் என்றால் கண்ணைப் பரிசோதிப்பவர்கள் மருத்துவமனை ஆட்கள். இடம் பிடிப்பது, ஊருக்குள் சொல்வது, வந்த பெரியவர்களை வரிசையாக உட்கார வைப்பது எல்லாம் உள்ளூர் அமைப்புகள் ஏற்றுக்கொள்வது. யாரும் யாருடைய வேலையிலும் கை வைப்பதில்லை. தொண்டர் டாக்டர் ஆக முயல்வதில்லை, டாக்டர் பந்தல் போடுவதில்லை. பார்வையற்றோர் பரீட்சை எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து, தெளிவான கையெழுத்தில், சொன்னதை மட்டும் எழுத வேண்டும். சுந்தரராஜன்பட்டியில் 1985இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் மாதிரி இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஒரு தடவை போய்வந்தால் தெரியும். பரீட்சை வார நாளில்தான் வரும். கம்பெனி விடுப்பு கொடுக்க வேண்டிய காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ரத்ததானம் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் எப்போதும் ஆள் சேரும். எடை குறைந்தது 45 கிலோ, ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. முகாமை வருடத்துக்கு ஒரே நாளில் முந்நூறு பேர் என்று வைப்பதைவிடக் கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று என்று பிரிப்பது நல்லது. ரத்தத்தின் சிவப்பணுவை ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அன்றைக்கு மெஷினில் நிற்பவருக்குச் சூப்பர்வைசர் வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், இதை எழுதியே வைத்திருக்கிறோம்.

நான் செய்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று. திருமங்கலம் பக்கம் ஒரு சிறிய முதியோர் இல்லம். 80ஜி பதிவு இருந்தது, ஆனால் நன்கொடையாளர் விவரத்தைத் தாக்கல் செய்யும் 10பிடி படிவத்தை அவர்கள் போடவே இல்லை. மே 31க்குள் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து அந்த வருடத்தினுடையதை முடித்துக் கொடுத்தேன். படம் எடுக்க ஒன்றும் இல்லை, ஒரு ஆள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் தொண்டு அறிக்கையில் அது வரவும் இல்லை. ஆனால் அந்த வருடம் அவர்களுக்குக் கொடுத்தவர்கள் அடுத்த வருடமும் கொடுத்தார்கள்.

ஏன் சேர்கிறார்கள், ஏன் சேரவில்லை

'இந்தக் காலத்து ஆட்களுக்குக் கொடுக்கும் மனசு இல்லை' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இதே ஆட்கள்தான் சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஷாப் ஃப்ளோரில் ஒரு டப்பா சுற்றி வரும், மதியத்துக்குள் பதினைந்தாயிரம் சேர்ந்துவிடும். மதுரை கொடிக்குளத்தில், கனரா வங்கியில் ஊழியராக இருந்த ஆயி பூரணம் அம்மாள், ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்குவதற்காக 2024 ஜனவரியில் ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தார். மறைந்த மகளின் நினைவாக. பல கோடி மதிப்புள்ள நிலம். அந்தக் குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருது கொடுத்தார்கள். எந்த எச்.ஆர். மெயிலும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பள்ளிக்கூடம் தெரியும், அங்கே எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் நிற்பது தெரியும்.

மனசு இருக்கிறது. டப்பாவில் போடும் கை படிவத்தில் எழுதத் தயங்குவது, டப்பா யாருக்குப் போகிறது என்று தெரிவதாலும், படிவம் எங்கே போகிறது என்று தெரியாததாலும்தான். நோட்டீஸ் போர்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 'இத்தனை வந்தது, இங்கே போனது, இது நடந்தது, இது நடக்கவில்லை' என்று தமிழில் ஒரு தாள் ஒட்டினால் போதும். நடக்காததையும் எழுத வேண்டும். கன்று செத்த கதையை நாங்கள் ஒட்டிய மாதம்தான் புதிதாகப் பதினோரு பேர் சேர்ந்தார்கள்.

இன்னொன்று, யார் கேட்கிறார்கள் என்பது. முதலாளி கேட்டால் பயம், எச்.ஆர். கேட்டால் சலிப்பு. பக்கத்து மெஷினில் நிற்பவர் 'நான் போயிட்டு வந்தேன்டா, நீயும் வா' என்றால் வருவார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை, டீ ஆறிவிடும். பிடித்தத்தை நிறுத்த வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். ஒரு படிவம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து வைத்தார். 50ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதியிருந்தார். கீழே ஓரத்தில் பென்சிலால் தன் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் பெயர். சேடபட்டிப் பக்கம்.

"இங்க போற மாதிரிப் பண்ண முடியுமா சார்?"

முடியும். அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது, அதன் வழியாக அனுப்பலாம் என்றேன். எங்கள் படிவத்தில் 'எங்கே' என்று கேட்கும் கட்டம்தான் இல்லை. ஸ்கேல் எடுத்து ஒரு கட்டம் போட்டு, பென்சிலில் இருந்ததைப் பேனாவால் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அடுத்த அச்சுக்கு அந்தத் தாளையே மாதிரியாக அனுப்பியிருக்கிறேன்.